அம்மா போனில் தொள்ளாயிரம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தானே, செயற்கை நுண்ணறிவைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு" என்றார். எழுதலாம்தான். ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்களும் படித்ததுதான். எனக்கு அடிமுதல் நுனிவரை தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அது நான் செய்த ஒரு தவறு. அந்தத் தவறின் விலை 1,320 ரூபாய். கட்டியவர் என் அப்பா. ஆகவே அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். 40 சென்ட் மல்லிகைத் தோட்டம், ஒரு மாடு, ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டி. இவ்வளவுதான் சொத்து. (2013-ல் "மதுரை மல்லி" என்று புவிசார் குறியீடு வாங்கினார்களே, அந்த மல்லியில் எங்கள் பக்கத்துப் பூவும் சேர்த்திதான். பேர் மதுரைக்கு, முதுகுவலி எங்களுக்கு!) விடிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் மொட்டு எடுக்க இறங்குவார்கள். மொட்டு வாய் திறப்பதற்குள் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். திறந்த பூவுக்கு விலை கிடையாது. அப்பா ஐந்தாவது, அம்மா மூன்றாவது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்த்தது என்னுடையதைத்தான்.

போன வருஷம் நாலாவது செமஸ்டரில் வெப் லேபுக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் கேட்டார்கள் அல்லவா? பாதிப் பேர் காலேஜ் வெப்சைட் செய்தோம் என்று அதையே வேறு கலரில் காட்டினார்கள். (யார் யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்!) நான் "பூ விலைப் பலகை" என்று ஒன்று செய்தேன். மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம், செண்டுமல்லி, அரளி என்று வரிசையாகக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பூவின் பேர், அன்றைய கிலோ விலை. மார்க்கெட்டில் எடை போடுகிற வேலையில் என் தாய்மாமா இருக்கிறார். காலை ஐந்தரைக்கு அவர் போனில் விலை சொல்வார். நான் ஹாஸ்டலில் இருந்தபடியே என் போனில் ஒரு சின்ன ஃபைலில் அந்த எண்களை ஏற்றிவிடுவேன். பக்கத்தைத் திறந்ததும் ஜாவா ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் படித்து விலையைக் கட்டங்களில் நிரப்பும்.

லேபில் இருபது கம்ப்யூட்டரிலும் ஜம்மென்று தெரிந்தது. மார்க்கும் நன்றாகவே வந்தது.

வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது என்னிடம். காலேஜ் சேர்ந்தபோது தை மாசப் பூப்பணத்தில் வாங்கிக் கொடுத்தது. அம்மாவிடம் இருப்பது இன்டர்நெட் வருகிற பட்டன் போன். உள்ளங்கையில் பாதி அளவு ஸ்க்ரீன். மாசியில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் போனிலும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டங்கள் பக்கம் பக்கமாக வராமல் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. 'சரி, சின்ன ஸ்க்ரீன்' என்று விட்டுவிட்டேன். மல்லிக்கு நேரே தொள்ளாயிரம் என்று இருந்தது. அன்றைக்கு மார்க்கெட் விலையும் தொள்ளாயிரம்தான். "இதிலயும் வேல செய்யுதும்மா" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் சேமித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நண்பர்களே, கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்தத் தொள்ளாயிரம் எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை.

பிறகு மாடல் எக்ஸாம், ரெக்கார்டு என்று ஒரு மாசம் பக்கத்தைத் தொடவில்லை. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, "நாளையிலேர்ந்து தெனம் வெல வரும், பாத்துக்கங்க" என்றேன். செவ்வாய் காலை மாமா மல்லிக்கு 520 என்றார். நானும் 520 என்றுதான் ஏற்றினேன். என் போனில் திறந்து சரிபார்த்தேன். 520 தெரிந்தது. பல் தேய்க்கப் போய்விட்டேன்.

அதே நேரத்தில் அம்மா போனில் தொள்ளாயிரம் தெரிந்தது.

மறுநாள் முகூர்த்தம். விலை ஏறினாலும் ஏறியிருக்கும் என்று அப்பா நம்பியதில் தப்பே இல்லை. ஆறு கிலோ பூவோடு அம்மாவின் போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வழக்கமாகப் போடுகிற கமிஷன் கடையில் சிட்டை எழுதும்போது 520 என்றிருக்கிறார்கள். அப்பா போனை எடுத்துக் காட்டி, "மொதலாளி, ஏன் மக கம்ப்யூட்டர்ல போட்டுருக்கா. தொள்ளாயிரம்" என்றிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் பொறுமையாகத்தான், "அண்ணே, வெல என்னன்னு பக்கத்துக் கடையில கேட்டுட்டு வாங்க" என்றாராம். அப்பாவுக்குப் பக்கத்துக் கடைக்காரரைவிட மகள் பெரிசு. வார்த்தை தடித்தது. பூப்பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டார். ஒரு மணி நேரப் பிரயாணம். இறங்கும்போது மொட்டு முக்கால்வாசி வாய் திறந்துவிட்டது. கிலோ முந்நூறுக்குப் போட்டார்.

520-க்கும் 300-க்கும் வித்தியாசம் 220. ஆறு கிலோவுக்கு 1,320. கணக்கு நான்தான் போட்டேன். அப்பா போடவில்லை.

அந்தக் கமிஷன் கடையில் எங்களுக்கு முன்பணம் பாக்கி இருந்தது. பூப்போடுகிற வீடுகளுக்கு இது தெரியும். அவசரத்துக்குக் கடையில் பணம் வாங்குவோம், பூவிலே கழிப்போம். அந்த இடத்தில் சண்டை போடுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீதானத்தா போட்டுருந்த, தொள்ளாயிரம்னு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? "நான் 520-ன்னுதான்ப்பா போட்டேன்" என்றால் போன் பொய் சொல்கிறது என்று ஆகிறது. "ஆமாம்" என்றால் நான் பொய் சொன்னதாக ஆகிறது.

அம்மாவிடம் போனை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்தேன். லேப் கம்ப்யூட்டரில் பிழை வந்தால் சிவப்பு எழுத்தில் காட்டும். இந்தப் போனில் அதெல்லாம் கிடையாது. என்னிடம் லேப்டாப்பும் கிடையாது. கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் அப்பா என்ன செய்வார்? ஃபியூஸ், ஸ்டார்ட்டர், ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். அப்படியே நானும் ஜாவா ஸ்கிரிப்டில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, அம்மா போனில் திறந்து பார்த்தேன். பிறகு மீதியில் பாதி. பிறகு அதில் பாதி. மத்தியானச் சோறு ஆறிப்போன நேரத்தில் குற்றவாளி ஒரே சொல்லில் வந்து நின்றது. அது 'அசிங்க்'. (லேபில் நாம் அப்படித்தானே வாசிப்போம்? அன்றைக்கு அது எனக்கு அசிங்கமாகவே முடிந்தது!) ஃபைலைப் படித்து வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அந்தச் சொல், ஜாவா ஸ்கிரிப்டின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. அம்மா போனில் இருந்த பிரவுசர் 2016-ஆம் ஆண்டுக்காரர். தன் காலத்துக்குப் பின்னால் பிறந்த சொல் அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கிற மூன்று மொழிகளுக்கும் மூன்று குணம். ஹெச்.டி.எம்.எல். பொறுமைசாலி. தெரியாத குறி வந்தால் அதைத் தாண்டி உள்ளே இருக்கிற எழுத்தைக் காட்டிவிடும். சி.எஸ்.எஸ்.ஸும் அப்படித்தான். தெரியாத வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். என் கட்டங்கள் அம்மா போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்ததற்குக் காரணம் அதுதான். 'கிரிட்' முறை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்தது 2017 மார்ச்சில். அதற்கு முந்திய பிரவுசர் அந்த வரியைப் படிக்காமல் விட்டது. அழகு போயிற்று, விஷயம் போகவில்லை. ஜாவா ஸ்கிரிப்ட் மட்டும் ரோஷக்காரர். தன் இலக்கணத்துக்கு ஒத்துவராத ஒரு சொல் எங்காவது இருந்தால் அந்த ஃபைல் முழுவதையும் தூக்கிப்போட்டுவிடும். ஒரு வரிகூட ஓடாது.

ஓடாததால் என்ன ஆயிற்று? ஸ்கிரிப்ட் வந்து நிரப்பும்வரை கட்டம் காலியாக இருக்கக் கூடாது, பார்க்க நன்றாக இருக்காது என்று, செய்த அன்றைக்கு ஹெச்.டி.எம்.எல்.லிலேயே மாதிரி விலைகளை அடித்து வைத்திருந்தேன். அது மாசி மாத லீவு. அன்றைய விலை தொள்ளாயிரம். அதையே மாதிரியாக அடித்தேன். அதே நாளில் அம்மா போனில் சோதித்தேன். மாதிரியும் நிஜமும் ஒரே எண்ணாக இருந்ததால் 'வேலை செய்கிறது' என்று நினைத்தேன். அந்தப் போனில் அது ஒரு நாளும் வேலை செய்ததில்லை! பக்கம் உடைந்து தாறுமாறாகத் தெரிந்திருந்தால்கூட அப்பா தப்பித்திருப்பார். அழகாக, தெளிவாக, தமிழில், தப்பான விலை தெரிந்தது.

திங்கட்கிழமை லேபில் எங்கள் சாரிடம் இதைச் சொன்னேன். மார்க் போட்டவர் ஆயிற்றே, அவருக்கும் தெரியட்டும் என்று! அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, நீ இப்ப பட்டதத்தான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தமிழே பட்டுச்சு" என்று ஆரம்பித்தார். அன்று ஒரு பீரியட் முழுக்க அதே கதைதான். பிறகு நானும் தேடிப் படித்தேன். நம்மில் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் தமிழ் சீக்கிரமே ஏறிவிட்டது. 1995-லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையில் வந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் அன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வலையில் ஏற்ற ஆரம்பித்தது. ஆனால் ஒரு சங்கடம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் மட்டுமே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தம் இஷ்டப்படி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ளு' வைத்திருப்பார்.

நம் திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டு இருக்கிறதே, ஒன்றின் சாவி இன்னொன்றில் நுழையாது. அது பூட்டுக்குப் பெருமை. எழுத்துக்கு அது பெருமையா? ஒரு பத்திரிகையைப் படிக்க ஒரு எழுத்துரு, இன்னொரு பத்திரிகைக்கு வேறொன்று. சார் சொன்னார்: "நெட் சென்டர்ல மணிக்கு முப்பது ரூவா. ஃபாண்ட் எறங்கவே கால் மணி நேரம் ஆகும். எறங்கினப்புறம் பாத்தா, அந்த மெஷின்ல ஏத்த பர்மிஷன் இருக்காது. தமிழ்ப் பேப்பர்னு தொறந்தா தலையில தொப்பி வச்ச ஓ, வால் வச்ச சி, பவுண்டு குறி, பின்னக்கணக்கு இதெல்லாம்தான் பக்கம் முழுக்க நிக்கும்."

இதற்கு ஒரு வழி 1997-ல் வந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுவது. நல்ல யோசனைதான். ஆனால் அப்போது இரண்டு பிரவுசர்களுக்கு நடுவே மல்யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு ஒரு வகை எழுத்துருக் கோப்பை மட்டும் ஏற்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நான்காம் பதிப்பு இன்னொரு வகையை மட்டும். ஆகவே எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றால் ஒரே பக்கத்துக்கு இரண்டு வகையும் செய்து வைக்க வேண்டும். பிறகு நெட்ஸ்கேப்பே தன் முறையைக் கைவிட்டது. எக்ஸ்ப்ளோரர் மட்டும் போதும் என்று சும்மா இருந்த தளங்களை, பின்னால் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தவர்களுக்கு மறுபடியும் தொப்பி வைத்த ஓ!

எழுத்து மட்டுமல்ல, அளவிலும் தகராறு. நிலத்தை அளக்கும்போது வரப்போடு சேர்த்து அளப்பதா, வரப்பு நீங்கலாகவா என்று ஊரில் சண்டை வருமே, அதே சண்டைதான். ஒரு பெட்டியின் அகலம் 200, உள்ளிடைவெளி பக்கத்துக்கு 20, கரை பக்கத்துக்கு 5 என்று எழுதினால், விதிப்படி மொத்தம் 250. எக்ஸ்ப்ளோரர் ஐந்தாம் பதிப்புக்கு மொத்தமே 200. வரப்பையும் உள்ளே சேர்த்துக் கணக்குப் போடும். 2001-ல் வந்த ஆறாம் பதிப்பில்தான், பக்கத்தின் தலையில் டாக்டைப் வரி முறையாக இருந்தால் விதிப்படி அளக்கும் என்று ஆனது. (வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் எல்லோரும் 'பார்டர் பாக்ஸ்' என்று எழுதி வரப்போடு சேர்த்துத்தான் அளக்கிறோம்!)

தமிழ் எழுத்துக்கு வருவோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அதன் வழியாக அந்த வருஷமே தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும், இன்று நாம் தட்டுகிற 'தமிழ் 99' விசைப்பலகையையும் அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் கூடிப் பேசி உண்டாக்கிய 'டிஸ்கி' என்ற குறியீடு அதற்கு முன்பே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுத்த யூனிகோட்தான் நின்றது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 'அ' என்றால் 2949. மதுரையிலும் மலேசியாவிலும் 2949-தான். 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

எண் ஒன்றானால் போதுமா? அதுவும் போதாது. 'கொ' என்று எழுத, க என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒகரக் குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது அந்தக் குறியின் ஒரு பாதி முன்னால் போக வேண்டும், மறுபாதி பின்னால் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த இயங்குதளம் வேண்டும். விண்டோஸ் 2000-ல் தமிழுக்கு அது வந்தது. எக்ஸ்.பி.யில் தனியாக ஒரு பெட்டியில் டிக் போட்டு, சி.டி.யைச் செருகி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் புள்ளி வட்டத்தோடு தொங்கும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நாம் இன்று யோசிக்காமல் "சாப்டியா" என்று தமிழில் தட்டுகிறோமே, அதன் பின்னால் இத்தனை பேர் தூங்காமல் இருந்திருக்கிறார்கள்.

நெட்ஸ்கேப்புக்கு 2008-ல் ஆதரவு நின்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூனில் விடை கொடுத்தார்கள். இன்று குரோம், எட்ஜ், ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் இன்ஜின் ஒன்றே. சஃபாரிக்கு ஒன்று, ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒன்று. ஆனாலும் எந்தப் பிரவுசராக இருந்தாலும் சர்வரிடம் தன்னை அறிமுகம் செய்யும்போது "நான் மொஸில்லா" என்றுதான் ஆரம்பிக்கும். மொஸில்லா என்பது நெட்ஸ்கேப்பின் செல்லப்பெயர். அந்தக் காலத்தில் அந்தப் பேரைச் சொன்னால்தான் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுக்கும். கல்யாண வீட்டில் "நாங்க மாப்பிள்ளை வீடு" என்று சொல்லிப் பந்தியில் முதலில் உட்காருவது போல எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை போன பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

சார் முடிக்கும்போது ஒன்று கேட்டார். "அப்ப எங்களுக்குத் தமிழ் தெரியலைன்னா, தெரியலைன்னு எங்களுக்கே தெரியும். உங்கப்பாவுக்கு அது தெரியல, பாத்தியா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. பெல் அடித்துக் காப்பாற்றியது.

அந்த வாரம் பக்கத்தை முழுக்க அழித்து எழுதினேன். மாதிரி விலை ஒன்றுகூட இல்லை. ஸ்கிரிப்ட் வந்து நிரப்புகிற வேலையே வேண்டாம் என்று, விலையை நேரே ஹெச்.டி.எம்.எல். அட்டவணையில் எழுதினேன். தினமும் காலையில் ஏழு எண்களை மாற்றி ஏற்ற எனக்கு மூன்று நிமிஷம் ஆகிறது, அவ்வளவுதான். கிரிட்டை எடுக்கவில்லை. தெரிந்த பிரவுசருக்குக் கட்டம், தெரியாததற்கு வரிசை. இரண்டிலும் விலை ஒன்றே.

அடுத்த ஞாயிறு எங்கள் தெருவில் கிடைத்த போன்களை எல்லாம் வாங்கித் திண்ணையில் பரப்பினேன். மொத்தம் ஏழு. "என்னத்தா, போன் கடை வச்சிட்டியா?" என்று சித்தப்பா கேலி செய்தார். ஆனால் அன்றைக்குக் கற்றது லேபில் ஒரு செமஸ்டரில் கற்றதைவிட அதிகம். சித்தப்பாவுக்குக் கண் மங்கல். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். அதில் 'செண்டுமல்லி' கட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விலையை மறைத்தது. மதினி போன் இருட்டுத் திரையில் இருந்தது. பின்னணி கறுத்துவிட்டது, நான் கறுப்பு என்று கட்டாயப்படுத்தியிருந்த எழுத்தும் கறுப்பாகவே நின்றது. ஒன்றுமே தெரியவில்லை. திருப்பூரில் வேலை செய்கிற மாமா மகன் போனில், ஒரு மூலையில் சின்ன ஸ்கிரிப்ட் வைத்துப் போட்டிருந்த தேதி "செல்லாத தேதி" என்று ஆங்கிலத்தில் வந்தது. காரணம் நான்தான். நாளுக்கும் நேரத்துக்கும் நடுவே 'டி' என்ற எழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் வெறும் இடைவெளி விட்டிருந்தேன். சில பிரவுசர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும், அது ஏற்கவில்லை. லேபில் இருபது கம்ப்யூட்டர் என்று பெருமைப்பட்டேனே, அந்த இருபதும் ஒரே பிரவுசர், ஒரே பதிப்பு. இருபது முறை ஒரே ஆளிடம் கேட்டதற்குச் சமம்.

எல்லாவற்றையும் சரிசெய்து, கடைசியில் அம்மா கையில் அவர் போனைக் கொடுத்தேன். அட்டவணை அழகாக வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எந்த நாளு வெல?"

மார்க் போட்ட யாரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. தேதியைத்தான் மூலையில் பொடி எழுத்தில், அதுவும் ஸ்கிரிப்டை நம்பி வைத்திருந்தேனே! எங்கள் தோட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகும். சிக்னல் இல்லாதபோது சில போன் நேற்று சேமித்து வைத்த பக்கத்தையே எடுத்துக் காட்டும். எண் சரியாக இருந்து நாள் தப்பாக இருந்தால் அதுவும் தொள்ளாயிரம்தான். அந்த மூலை ஸ்கிரிப்டையும் எடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தேதி கணக்கில்லை, கிழமைதான் கணக்கு. அதனால் பக்கத்தின் தலையில், விலையைவிடப் பெரிய எழுத்தில், "செவ்வாய்க்கிழமை காலை 5.40" என்று கிழமையை முதலில் வைத்தேன். அதையும் விலையோடு சேர்த்துக் கையாலேயே எழுதுகிறேன்.

அந்தக் கமிஷன் கடைக்கு அப்பா பத்து நாள் போகவில்லை. எங்கள் பூவைச் சித்தப்பா பூவோடு சேர்த்துப் போட்டார்கள். பிறகு ஒரு நாள் அம்மாவே கடைக்குப் போய், "புள்ள தெரியாமப் போட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். "படிக்கிற புள்ளதானக்கா, விடுங்க" என்றாராம் கடைக்காரர். முன்பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா பூப்பையை இறக்கும்போதெல்லாம், "என்னண்ணே, கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன வெல?" என்று கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்பாவும் சிரிப்பாராம். எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷப் ப்ராஜெக்டுக்கும் இதையே எடுத்திருக்கிறேன். "ஜாவா ஸ்கிரிப்டே இல்லியே, டெக்னாலஜி எங்கம்மா?" என்று ரிவ்யூவில் கேட்டார்கள். அம்மாவின் பட்டன் போனைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மார்க் எப்படி வரும் என்று தெரியவில்லை.

அம்மா இப்போதும் காலையில் பக்கத்தைத் திறக்கிறார். முதலில் கிழமையை வாய்விட்டுப் படிப்பார், பிறகு விலையை. அப்பா அதைக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, வண்டியை எடுக்கும் முன் மாமாவுக்கு ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்கிறார். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

— மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை